காசியில் விட்ட ஊர்

என் புருஷனுக்கு ஒரு சின்ன வீடு இருந்திருந்தால் நான் இத்தனை வயிறெரிந்திருக்க மாட்டேன். கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போன இடத்தில் இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் காரைக்குடியில், எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வீட்டு ஆச்சிமார் அழுதார்கள், சண்டை போட்டார்கள், பெரியவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்கள், கடைசியில் எப்படியோ ஒரு முடிவுக்கு வந்தார்கள். எனக்கு அதற்கும் வழியில்லை. என் புருஷன் முத்தப்பச் செட்டியார் மனசைப் பறிகொடுத்தது ஒரு பெண்ணிடம் இல்லை, ஒரு ஊரிடம். சீமையில், தேம்சு ஆற்றங்கரையில் இருக்கிற ஹெர்ன்போர்டு என்கிற ஊரிடம்.

அவர் சீமைக்குப் போனது ஒரு வழக்குக்காக. கோயிலில் முதல் மரியாதை எங்களுக்கா பங்காளிகளுக்கா என்று மாமனாரின் அப்பா காலத்தில் ஆரம்பித்த வழக்கு, மதுரை, சென்னை என்று படியேறிப் படியேறி லண்டன் பெரிய கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது. வக்கீலுக்குப் பக்கத்தில் நம்மாள் ஒருவர் இருக்க வேண்டும் என்றார்கள். ரங்கூனில் இருந்தபோது இங்கிலீஷ் பேசப் பழகியவர் என்பதால் இவரை அனுப்பினார்கள். சமைத்துப்போட எங்கள் வீட்டுச் சமையல்காரன் சோணைமுத்துவும் கூடப் போனான். லண்டன் புகையில் இவருக்கு இருமல் பிடித்துக்கொள்ள, ஆற்றங்கரையில் காற்றோட்டமாக ஒரு ஊர் இருக்கிறது, அங்கே போய்த் தங்குங்கள் என்று அந்த வக்கீல்தான் சொல்லியிருக்கிறார். அவர் நல்லாயிருக்கட்டும், வேறென்ன சொல்ல.

வழக்கு தோற்றுப்போனது. அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. வந்த அன்றைக்கு வண்டியை விட்டிறங்கி, காலைக் கழுவிவிட்டு, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு இவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா?

"நாச்சி, அங்க ஆத்துல வருஷம் பூராவும் தண்ணி ஓடுது."

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. இத்தனை மாதம் தனியாக இருந்தாயே என்று கேட்கவில்லை. புதுப்புடவை கட்டிக்கொண்டு நின்றது வீண்.

என் மாமியாருக்கு மகன் உயிரோடு வந்ததே போதும். போகும்போது அவர் தன் கங்கைச் செம்பைக் கொடுத்தனுப்பியிருந்தார். காசியிலிருந்து வருகிற கைக்கடக்கமான செப்புச் சொம்பு, வாயை ஈயம் வைத்து அடைத்திருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், உயிர் பிரியும்போது ஒரு வாய் கங்கை உள்ளே போக வேண்டும் என்பதற்காக. மகன் வெள்ளைக்காரன் தேசத்தில் ஏதாவது ஆகிப்போனால் அந்தத் தண்ணீராவது கிடைக்கட்டும் என்று அந்தத் தாய்க்கு எண்ணம். செம்பு உடைக்காமல் திரும்பி வந்தது. "கங்கம்மா சீமைக்கே போயிட்டு வந்துட்டா" என்று மாமியார் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதைச் சாமி அறை மாடத்தில் நடுவில் வைத்தார். அன்றிலிருந்து குளித்ததும் அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைப்பது என் வேலையாயிற்று.

சாயங்காலமானால் தெருவில் இருக்கிற ஆம்பிளைகள் எல்லாம் எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவர் ஹெர்ன்போர்டை அவிழ்ப்பார். நான் உள்ளே கதவோரம் நின்றுகொள்வேன்.

முதலில் அங்கே ஊரே கிடையாதாம். ஆறு கொஞ்சம் ஆழம் குறைந்து, மாடு இறங்கிக் கடக்கிற துறை ஒன்றுதான் இருந்ததாம். கடக்க வந்தவன் வெள்ளம் வடியட்டும் என்று தங்கினான். தங்கினவனுக்குக் கஞ்சி காய்ச்சி விற்க ஒருத்தன் குடிசை போட்டான். குடிசைக்குப் பக்கத்தில் குதிரைக்கு லாடம் அடிக்கிறவன் வந்தான். பிறகு சாமியார்கள் வந்து மடம் கட்டி மணி தொங்கவிட்டார்கள். ஒரு ராஜா வந்து சாமியார்களை விரட்டிவிட்டு மடத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து விற்றான். அந்தக் கல்லை வாங்கித்தான் ஊர்க்காரர்கள் பாலம் கட்டினார்களாம். கட்டி முடித்துக் கொஞ்ச காலம்தான். ராஜாவுக்கும் பார்லிமெண்டு சபைக்காரர்களுக்கும் சண்டை மூண்டது. எதிரி வந்துவிடக்கூடாது என்று ஊர்க்காரர்களே பாலத்தின் நடு வளைவை இடித்துத் தள்ளிவிட்டார்கள். சண்டை முடிந்தும் இரண்டு தலைமுறைக்கு அந்த இடத்தில் வெறும் மரப்பலகைதான். எந்தக் கரைக்காரன் கல் வாங்கிக்கொடுப்பது என்று தகராறு.

இதைச் சொல்லும்போது இவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வரும். "நம்ம பங்காளிக மாதிரியேதான் இருக்கானுக" என்பார். சொந்தப் பங்காளிகளைப் பற்றி இவர் இவ்வளவு ஆசையாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் படகுக்கதை. பார்லியை முளைகட்டிக் காயவைத்து லண்டனுக்கு அனுப்புகிற ஊராம் அது. தட்டையான பெரிய படகுகள். கரையில் குதிரை நடந்து அதைக் கயிறு கட்டி இழுக்கும். படகுக்காரன் தங்க, குடிக்க, குடித்துவிட்டு அடித்துக்கொள்ள என்று கரை நெடுகச் சாராயக்கடை. ஊரே கொழுத்துக் கிடந்த நேரத்தில் ரயில் வந்தது. படகுகள் கரையில் கிடந்து மக்கின. வேறு ஊராக இருந்தால் அதோடு போயிருக்கும். இவர்கள் துறையைக் கழுவிவிட்டு, மிச்சப் படகுக்கு வர்ணம் அடித்து, லண்டன்காரனைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வந்து சும்மா துடுப்புப் போட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்களாம். அவனும் வந்தானாம். கோடையில் படகுப் பந்தயம், கரையில் கூடாரம், பாட்டு, குடை பிடித்த சீமாட்டிகள்.

"வேலைவெட்டி இல்லாம துடுப்புப் போடவா ரயிலேறி வாராக?" என்று என் நாத்தனார் நீலாயதாட்சி ஒருநாள் என் காதோடு கேட்டாள். கானாடுகாத்தானில் வாழ்க்கைப்பட்டவள், அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள்.

"உன் தம்பிகிட்டயே கேளு. அவுகளும் போட்டுட்டுத்தான் வந்திருக்காக" என்றேன்.

வெள்ளம் வரும் என்று தெரிந்தும் வாசலை ஆற்றைப் பார்த்துத்தான் வைப்பார்களாம். சத்திரத்துச் சுவரில், இந்த வருஷம் இதுவரைக்கும் வந்தது, அந்த வருஷம் அதுவரைக்கும் வந்தது என்று கோடு கோடாகப் போட்டுவைத்திருப்பார்கள். வெள்ளம் ஏறினால் சாமானை மாடிக்குத் தூக்குவது, இறங்கினால் சேற்றை வழித்துப்போட்டுவிட்டு மறுபடியும் ஆற்றைப் பார்த்தே உட்காருவது. ஒருத்தரையொருத்தர் பார்த்தால் முதல் பேச்சு, இன்றைக்கு ஆறு எப்படி என்பதுதான். கோயில் கடிகாரம் தாமதமாக ஓடுவது எல்லாருக்கும் தெரியும், திருத்த மாட்டார்கள். புதிதாக வந்தவனிடம் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இவரிடம் மட்டும் சீக்கிரமே பேசிவிட்டார்களாம். ஏன் என்று முகப்பில் யாரோ கேட்டார்கள். "நானும் அவுகளை மாதிரி ஆத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்ல" என்றார். அந்தப் பெருமையைக் கேட்க வேண்டுமே.

காரைக்குடியில் ஆறு கிடையாது. ஊருணி உண்டு. மழை பெய்தால் நிறையும், பொய்த்தால் இல்லை. குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக்கூடாது என்று நடக்கப் பழகுகிற பிள்ளைக்கே சொல்லிக்கொடுத்துவிடுவோம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த தண்ணீரை எடுத்துவரச் செய்து, தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைத்து, வெள்ளித் தம்ளரில் நான் கொடுத்தால் இவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஊரைப் பற்றி ஒரு ஆம்பிளை இவ்வளவு பேசினால், அந்த ஊருக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் எவளும் நினைப்பாள். நானும் நினைத்தேன். கதவோரம் நின்று நான் கேட்டது கதைக்காக இல்லை, அந்தப் பாலத்துக்கு மேலேயோ கீழேயோ எங்கேயாவது ஒரு பாவாடை தெரிகிறதா என்று பார்க்கத்தான். தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் சோணைமுத்துவை அடுக்களை வாசலில் உட்காரவைத்து, வெள்ளைப் பணியாரமும் சட்னியும் வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"ஏப்பா, அங்க நீங்க தங்குன வீட்டுல யாரு இருந்தாக?"

"ஒரு கெழட்டு வெள்ளைக்காரரு ஆச்சி. படகு ஓட்டுனவராம். பொண்டாட்டி செத்துப்போச்சு, மகன் சண்டைக்குப் போனவன் வரலை. அவருதேன் ஓயாம ஊர்க்கதையா சொல்லிக்கிட்டுக் கெடப்பாரு. மொதலாளியும் கேட்டுக்கிட்டே இருப்பாக."

"பொம்பளை?"

"துணி வெளுக்க ஒரு அம்மா வரும். வாயில ஒரு பல்லு கெடையாது."

"வேற?"

"வேற என்ன ஆச்சி, பூராவும் சகதி. மழை, குளிரு. மொளகா கெடைக்காது. மொதலாளி விடிஞ்சா ஆத்தங்கரை, அடைஞ்சா ஆத்தங்கரை. அந்தக் காய்ச்சல்ல கெடந்தப்பகூட சன்னலைத் தொறந்து வைக்கச் சொல்லி..." என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"என்ன காய்ச்சல்?"

"சும்மா சளிக்காய்ச்சல் ஆச்சி. பணியாரம் நல்லாருக்கு" என்று இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

ஒருத்தியும் இல்லை என்று தெரிந்தால் மனசு அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை, அதிகமாயிற்று. ஒருத்தி இருந்தால் அவளுக்கு வயசாகும், பல் விழும், முடி நரைக்கும். இந்த ஊருக்கு ஏற்கெனவே எத்தனையோ நூறு வயசு, அதுதான் அதற்கு அழகு என்கிறார்.

மாசி மாதத்தில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்.

"ஆவணி வாக்கில ஒரு நடை போயிட்டு வரலாமான்னு பாக்குறேன்."

"எங்க?"

"அங்கதான்."

"வழக்குத்தான் முடிஞ்சுபோச்சே."

"வழக்குக்கு இல்ல நாச்சி. சும்மா."

அந்தச் சும்மாவில் நான் ஆடிப்போனேன். வேலைக்குப் போகிறவன் வேலை முடிந்தால் வருவான். சும்மா போகிறவன் எதற்காகத் திரும்பி வர வேண்டும்? அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். இவரைப் போகவிடக்கூடாது. அழுது பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். கப்பல் கம்பெனிக்கு எழுதிப்போடுகிற வரைக்கும் இவர் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் மாமியார் விழுந்தார். பங்குனி வெயிலில் வாந்தியும் காய்ச்சலுமாகப் படுத்தவர், கஞ்சித்தண்ணீர்கூட இறங்காமல் துரும்பாகிப்போனார். வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். வழக்குப் போட்ட பங்காளிகள் உட்பட எல்லாரும் வந்துவிட்டார்கள். முற்றத்தைச் சுற்றி வளவு நிறைய ஆட்கள். நீலாயதாட்சி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நாச்சி, கங்கையை எடுத்துட்டு வா" என்று அலறினாள்.

சாமி அறைக்கு ஓடினேன். செம்பில் கை வைக்கிறேன், பின்னாலிருந்து இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதை எடுக்காத."

"என்ன சொல்றீக? அங்க உசிரு போய்க்கிட்டு இருக்கு."

"அது கங்கை இல்ல நாச்சி."

எனக்குப் புரியவில்லை. இவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "அங்க எனக்குக் காய்ச்சல் கடுமையாப் போச்சு. பொழைக்க மாட்டேன்னு சோணைமுத்து செம்பை ஒடைச்சு எனக்கு ஊத்திப்புட்டான். நான் பொழைச்சுக்கிட்டேன். வெறுஞ்செம்பைக் கொண்டாந்தா ஆத்தா பதறிப்போகும். அதான் அங்கேயே ஒரு கொல்லன்கிட்ட மறுபடி ஈயம் வச்சு அடைச்சேன்."

"உள்ள என்ன இருக்கு?"

இவர் செம்பையே பார்த்தார்.

"என்ன இருக்குன்னு கேக்குறேன்."

"ஹெர்ன்போர்டு ஆத்துத் தண்ணி."

மாமியார் செத்துக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. என் வீட்டுச் சாமி அறையில், மாடத்தின் நடுவில், தினமும் தலைமுழுகி ஈரப்புடவையோடு நான் பொட்டு வைத்துப் பூ வைத்தது அவளுக்கு, அந்த ஊருக்கு. என் கையாலேயே. இரண்டு வருஷமாக நான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், இவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைவிட இன்னொன்று நெஞ்சைக் குத்தியது. இவர் சாகக்கிடந்தது எனக்குத் தெரியாது. அந்த ஊருக்குத் தெரியும். திறந்த சன்னல் வழியாக அது இவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்து வற்றல் காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கொண்டா, கொண்டா" என்று வளவிலிருந்து கத்தினார்கள். பக்கத்து வீட்டுச் செம்பை வாங்கலாம்தான். உங்கள் செம்பு என்னாயிற்று என்று கேட்பார்கள். அப்போது இவர் சொல்ல வேண்டிவரும். தாயின் படுக்கைக்குப் பக்கத்தில், அத்தனை பேர் நடுவில், அந்த ஊரின் பெயர் ஒலிக்கும். அந்தப் பெருமையை அதற்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

"கையை விடுங்க" என்றேன். செம்பை எடுத்துக்கொண்டு போய், அடைப்பை நெம்பித் திறந்து, உத்தரணியில் ஊற்றி மாமியாரின் வாயில் விட்டேன். கங்கையே, மன்னித்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆம்பிளைகள் சிவ சிவ என்றார்கள். இவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமியார் விழுங்கினார். இன்னொன்று விட்டேன், அதையும் விழுங்கினார். கண்ணைத் திறந்தார்.

"இனிச்சுக் கெடக்கு" என்றார்.

சாயங்காலம் கஞ்சி கேட்டார். நாலைந்து நாளில் எழுந்து உட்கார்ந்து, அடுக்களையில் எண்ணெய் வீணாகிறது என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். காய்ச்சல் இறங்க வேண்டிய நாளில் இறங்கியது என்றுதான் வைத்தியர் சொன்னார். யார் கேட்டார்கள் அதை? "சீமைக்குப் போயிட்டு வந்த கங்கை என்னைய எழுப்பி உக்காரவச்சிருச்சு" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தெருவில் இருக்கிற ஆச்சிமார் ஆளுக்கொரு வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மிச்சமிருந்ததை நான்தான் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஒருத்தி பிள்ளைக்குக் கொடுத்தாள், ஒருத்தி தலையில் தெளித்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதென்று மாமியாரையும் எடுத்துக்கொண்டது, இப்போது தெருவையே எடுத்துக்கொள்கிறது.

செம்பு காலியான அன்று இவரைத் தனியாகப் பிடித்தேன்.

"ஒரு பொம்பளையா இருந்தா தலைமயித்தைப் பிடிச்சு இழுத்திருப்பேன். ஆத்தை எதைப் பிடிச்சு இழுக்கிறது, சொல்லுங்க."

இவர் சிரித்தார். சிரித்ததில் எனக்கு இன்னும் ஆத்திரம். "கெணத்துத் தண்ணிய ரொப்பி அடைச்சிருக்கலாமே. கப்பல் எறங்குன பம்பாயில குழாய்த் தண்ணி இல்லையா? அதைத்தான் கொண்டாரணுமா?"

"கொண்டாரணும்னு தோணுச்சு. விட்டுட்டு வர மனசு வரல" என்றார். பொய் சொல்லியிருக்கலாம்.

மாமியார்தான் வழி காட்டினார். "செம்பு காலியாப் போச்சு. நான் நெசமாப் போறப்ப வேணும்ல? ஏப்பா முத்தப்பா, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுக் காசிக்குப் போயிட்டு வா. அவளும் பாக்கலைல" என்றார். தாய் சொல்லை இவர் தட்டமாட்டார். சீமைப் பயணம் ஆவணிக்குத் தானே, அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் ஒரு கணக்கோடுதான் கிளம்பினேன். ஆறு வேண்டும் இவருக்கு, அவ்வளவுதானே? ஆறு என்றால் என்ன என்று காட்டிவிடுவோம்.

மானாமதுரைக்கு வண்டி கட்டிப் போய் ரயிலேறி, சென்னைப் பட்டணம் போய், அங்கிருந்து வடக்கே நாட்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. காசியில் எங்கள் நகரத்தார் சத்திரத்தில் தங்கி, விடிந்ததும் படித்துறைக்குப் போனோம். கங்கையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். எதிர்க்கரை எங்கேயோ இருந்தது. படகுகள், விளக்குகள், மணிச்சத்தம், லட்சம் பேர் கும்பிடுகிற தண்ணீர். இவர் வாயைத் திறந்தபடி நின்றார். தீர்ந்தது, இனி அந்த ஊர் எம்மாத்திரம் என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன். இவர் நெடுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அகலந்தான். ஆனா ஹெர்ன்போர்டுல பாரு நாச்சி..."

அதற்கு மேல் என்ன சொன்னார் என்று எனக்குக் காதில் விழவில்லை.

சத்திரத்துக்கு வருகிறவர்களுக்குச் சடங்கு செய்துவைக்கிற வாத்தியார் ஒருவர், தமிழ் பேசுகிறவர், எங்கள் துணி முனையை முடிந்து தண்ணீரில் இறக்கினார். சங்கல்பம் முடிந்ததும் சொன்னார். "காசிக்கு வந்தவா தனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணைக் கங்கையில விட்டுட்டுப் போகணும். காயோ, பழமோ. அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடப்படாது. என்ன விடறேள்?"

"மாம்பழம்" என்றார் இவர், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

"பொய் சாமி" என்றேன் நான். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாலும் குரல் கணீரென்று வந்தது. "இவுகளுக்கு மாம்பழம் ஒண்ணும் உசிரு இல்ல. ரொம்பப் பிடிச்சது எதுன்னு எனக்குத் தெரியும். ஹெர்ன்போர்டை விடச் சொல்லுங்க."

"அது என்ன, காயா?"

"ஊரு சாமி. இனிமே அங்க போகப்படாது, அதைப் பத்திப் பேசப்படாது."

வாத்தியார் திகைத்தார். "ஊரை விடறதுன்னு நான் கேள்விப்பட்டதில்லை. ஆனா பிடிச்சதுன்னா பிடிச்சதுதான். அவரேதான் சொல்லணும்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து என்னை இவர் அப்படி முழுசாகப் பார்த்ததில்லை. இவ்வளவு தூரம் இவளுக்கு உள்ளே எரிந்ததா என்று அப்போதுதான் கண்டுகொண்டது மாதிரி இருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. கொடுங்கள், எனக்காக இதைக் கொடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன், முகத்தை மட்டும் கடுமையாக வைத்துக்கொண்டேன். இவர் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை, மந்திரம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்லி, கையைப் பிரித்துவிட்டார். பிறகு மூன்று முழுக்குப் போட்டார். எழுந்தபோது முகமெல்லாம் தண்ணீர். அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்க என்னம்மா விடறேள்?" என்றார் வாத்தியார்.

"பாகற்காய்" என்றேன். எனக்கு அது எப்போதுமே ஆகாது.

ஊருக்கு வந்த பிறகு இவர் வாக்கை மீறவில்லை. கப்பல் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிப்போட்டுவிட்டார். சாயங்காலம் முகப்புக்கு வந்தவர்கள், "என்ன முத்தப்பா, அந்தப் பந்தயத்தைச் சொல்லு" என்றால், "வேற பேசுவோம்ணே" என்பார். வேறு பேச இவருக்கும் ஒன்றுமில்லை, அவர்களுக்கும் ஒன்றுமில்லை. ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வேளாவேளைக்குச் சாப்பிட்டார். தண்ணீர்த் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் நின்றுபோயிற்று. என்னிடம் கோபம் ஒன்றுமில்லை. கேட்டால் கேட்டதற்குப் பதில் சொன்னார், முன்னைவிடத் தன்மையாகவே. நான்தான் ஜெயித்தேன். மாமியார்கூட, "உன் புருசன் காசிக்குப் போயிட்டு வந்து ரொம்ப அடங்கிட்டான்" என்றார்.

ஆனால் ஜெயித்தவள் மாதிரி எனக்கு இல்லை. முன்பெல்லாம் இவர் அங்கே போகும்போது வாயைத் திறந்துகொண்டு போவார். நானும் வயிற்றெரிச்சலோடு பின்னாலேயே போய், பாலத்தில் ஏறி, சந்து சந்தாக வேவு பார்த்துவிட்டு இவரோடேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இப்போது வாயை மூடிக்கொண்டு போகிறார். முகப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார், கண் எதிர் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. எங்கே நிற்கிறார், யாரோடு நிற்கிறார், எப்போது திரும்புவார் ஒன்றும் எனக்குத் தெரிவதில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வளவு முற்றத்தில் நாலு பக்கத்துத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டியது. இவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. என்னைப் பார்த்து இவர் அப்படிச் சிரித்ததில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன சிரிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல."

"அங்க இந்த மாதிரி மழை பேஞ்சா அந்தப் படகுக்காரக் கெழவரு என்ன செய்வாரு?"

இவர் திரும்பிப் பார்த்தார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். உதடு பிரிந்தது, கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, பிறகு அது போய்விட்டது.

"காசியில விட்டதைத் திரும்ப எடுக்கப்படாது நாச்சி."

"நீங்கதானே விட்டீக. நான் விடலையே. எனக்குக் கேக்கணும் போல இருக்கு, சொல்லுங்க."

இவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அப்படிச் செய்கிறவர் இல்லை இவர். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு மறுபடியும் உதட்டுக்கு வந்தது, முகம் மழைப்பக்கம் திரும்பிக்கொண்டது. என் கை மட்டும் இவர் மடியில் கிடந்தது.